கூரையில் சிக்னல் நன்றாக இருக்கும்

முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவர் ஷூவைக் கழற்றிய கையோடு போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். சன்னலோரம் நின்று பார்த்தார். சமையலறைக்குள் போனார். பின்கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, சுகமா என்று கேட்டார். எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும் என்று தெரியாமல் அவர் எந்த வீட்டிலும் உட்கார மாட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. வந்ததும் வராததுமாக வீட்டை அளக்கிறாரே என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

எல்லோருக்கும் அவர் ஜெர்மன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். ஜெர்மனியில் வீடு வீடாகப் போய் அடுப்பும் ஹீட்டரும் பொருத்திப் பல வருஷம் வாழ்ந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். ஜெர்மனியிலிருந்து ஓட்டி வந்த வேனையே இங்கேயும் வைத்திருந்தார். அதில் ஸ்டீயரிங் இடதுபக்கம். முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் கழுத்தை நீட்டி எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் நாமக்கல்காரன், கம்ப்யூட்டர் வேலை. அண்ணை என்று எனக்கு வாயில் வராது, அண்ணே என்பேன். என் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய போன் இரண்டாம் முறை மணியடித்து யாரும் கேட்டதில்லை. முதல் மணி முடிவதற்குள் காதில் இருக்கும். கோயிலில் தீபாராதனை நடக்கும்போது எடுத்திருக்கிறார். ஐயர் முறைத்தும் அசையவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில், டாக்டரின் கை வாய்க்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டாராம். இதை அவரே சொன்னார். நிறுத்தக்கூடாத சாலையில் வேனை ஓரங்கட்டுவார். அத்தனை பாடுபட்டு எடுத்தால், முக்கால்வாசி நேரம் யாராவது குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று புலம்புவார்கள். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுவார். கொஞ்ச நேரத்தில் பொத்தானைக் கழற்றி எடுத்துப் பார்ப்பார். ஜெர்மன் அண்ணை மந்திரியாகிவிட்டார் என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள்.

கேலி பேசுகிறவர்களுக்கும் காரணம் தெரியும். அது 2009. மே மாதத்தோடு இலங்கையில் சண்டை முடிந்திருந்தது. அவருடைய அம்மா வன்னியிலிருந்து வெளியே வந்து முகாமில் இருந்தார். அம்மாவோடு கூட ஓடிவந்த தம்பி, கடைசி நாட்களின் நெரிசலில் பிரிந்து போனவன், என்ன ஆனான் என்று தெரியவில்லை. முகாமுக்குள் யாரோ ஒருவர் ஒரு போனை ஒளித்து வைத்திருந்தார். அது கைக்குக் கிடைக்கிற நேரத்தில் அம்மா பேசுவார். இங்கிருந்து திருப்பிக் கூப்பிடக்கூடாது. அங்கே மணியடித்தால் வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். வருகிறபோது எடுக்க வேண்டும், விட்டால் அடுத்தது எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும். தம்பி உயிரோடு இருக்கிறானா என்ற ஒரு கேள்விக்குப் பதில் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதற்காகத்தான் அவர் அந்த போனைக் கைக்குழந்தை போலச் சுமந்துகொண்டு திரிந்தார்.

எங்களுக்கு வேண்டியிருந்தது, தரைக்குக் கீழே இருந்த பேஸ்மென்டைச் சூடாக்க ஓர் அடுப்பு. கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் வாங்கிய வீடு விக்டோரியா மகாராணி காலத்தது. வீட்டை விற்றவர் அதைப் பெருமையாகச் சொன்னார். குடிவந்த முதல் குளிர்காலத்தில்தான் அதன் அர்த்தம் எங்களுக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் கீழே கரி கொட்டி வைத்த அறையைச் சுத்தம் செய்து, என் மனைவி சுமதி பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல் பின்னக் கணக்குப் போட்டார்கள். ஒரு தாய் தன் மகனிடம் போர்வை கொடுத்து அனுப்பினார். சுமதிக்கு மானமே போய்விட்டது. ரேடியேட்டர் போட வந்த ஆள் பழைய பாய்லரைப் பார்த்து, இது தாங்காது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனபிறகு, யாரோ சொல்லி ஜெர்மன் அண்ணை வந்தார்.

பெல்லட் அடுப்பு வைக்கலாம் என்றார். லண்டனில் அப்போது அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளைத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி எரித்துக்கொள்ளும் இரும்பு அடுப்பு. மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோழித் தீவனமேதான். அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஜெர்மனியில் பெரிய பெரிய ஆட்கள் வீட்டில் இருக்கிற சாமான் என்றார். ஜெர்மனியைப் பற்றி யாரும் குறைத்துப் பேசக்கூடாது, அவர் மட்டும் பேசலாம்.

அடுப்பை வைப்பது வேலையே இல்லையாம், புகையை வெளியே அனுப்புவதுதான் வேலையாம். வீட்டில் பழைய செங்கல் சிம்னி இருந்தது. அவர் அதைப் புகைக்கூடு என்பார். அது அடியிலிருந்து கூரை வரைக்கும் நேராகப் போகாமல் நடுவில் ஒதுங்கி வளைந்து போகும், செங்கல் இடுக்கெல்லாம் ஓட்டை. அதனால் அதற்குள் வளையக்கூடிய எஃகுக் குழாய் ஒன்றை மேலிருந்து கீழ்வரை இறக்கி, அடுப்போடு இணைக்க வேண்டும். கவுன்சிலில் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

சிக்கல் என்னவென்றால், பேஸ்மென்டில் சிக்னல் கிடையாது. சுத்தமாகக் கிடையாது. படி இறங்கும்போதே போனில் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். இதை முதல் நாளே பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"தம்பி, வேலை செய்து தாறன். ஆனால் கீழ கனநேரம் நிக்க என்னாலை ஏலாது."

சொன்னபடியே செய்தார். அடுப்பு நிற்பதற்குத் தரையில் கல் பதிப்பார், நான்கு கல்லுக்கு ஒருதரம் மேலே ஏறிவருவார். வாசற்படியில் நின்று போனைப் பார்ப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி இறங்குவார். நாளெல்லாம் மரப்படியில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். ஒரு நாளில் முடிய வேண்டியது ஒரு வாரம் இழுத்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

சுமதிதான் ஒரு வழி சொன்னாள். போனை மேலே தன்னிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும், அடித்தால் தான் எடுத்துப் பேசி, அவரைக் கூப்பிடுகிறேன் என்றாள். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"இல்லைப் பிள்ளை. அம்மாக்கு என்ரை குரல் கேக்கவேணும். வேறை ஆள் எடுத்தால் பயந்து வைச்சிடுவா."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கூரையில் ஏறினால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். அங்கே போனில் எல்லாக் கோடும் நிறைந்திருக்கும். புகைக்கூட்டின் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்து பாட்டுப் பாடுவார். கீழே போகிறவர்களைக் கூப்பிட்டு, அடுத்த ஊர் டூட்டிங் வரைக்கும் தெரிகிறது என்பார். எதற்கும் அவசரமில்லை. டீ குடிக்கக் கூட இறங்கமாட்டார். கயிற்றை விடுவார், சுமதி ஒரு பையில் ஃபிளாஸ்க்கை வைத்துக் கட்டுவாள். கூரை வேலை எல்லாம் முடிந்த பிறகும், தண்ணீர் இறங்கும் தகரத்தை இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்று ஏறிப் போனார். எங்கள் வீட்டுக் கூரை அளவுக்கு லண்டனில் யார் வீட்டுக் கூரையையும் அப்படிக் கவனித்திருக்க மாட்டார்கள்.

குழாய் இறக்குகிற நாள் வந்தது. வழக்கமாக இந்த வேலைக்கு அவரோடு வரும் அவருடைய மச்சானுக்குக் காய்ச்சல். நான் லீவு போட்டுவிட்டு உதவிக்கு நின்றேன். அவர் கூரையிலிருந்து குழாயை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குழாயின் நுனியில் கட்டிய கயிற்றை நான் பேஸ்மென்டில் நின்று இழுக்க வேண்டும். சிம்னிக்குள் குனிந்து பேசினால் அவர் குரல் தெளிவாகக் கேட்டது, கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி.

"இழும் தம்பி" என்றார். இழுத்தேன். "மெல்ல" என்றார். மெல்ல இழுத்தேன். பாதிக்கு மேல் வந்திருக்கும். திடீரென்று மேலேயிருந்து கத்தினார்.

"காணும்! காணும்!"

அவர்கள் தமிழில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். இழுத்தது போதும், நிறுத்து என்கிறார். எங்கள் ஊரில் ஆடு தொலைந்தால் காணோம் என்று கத்துவோம். புகைக்கூடு வழியாக வந்த அந்தக் குரலில் எனக்குக் கேட்டது அதுதான். குழாய் அவர் கையை விட்டுப் போய்விட்டது, எங்கேயோ உள்ளே காணாமல் போகிறது என்று நினைத்தேன். அவர் மறுபடி கத்தினார். குரலில் அவ்வளவு பதற்றம். நான் காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். காணாமல் போனதைத் தேடிப் பிடிக்கிற இழுப்பு.

என் தலைமேல் நூறு வருஷத்துக் கரி கொட்டியது. மேலே எதுவோ இடிபடுகிற சத்தம். பிறகு சிம்னிக்குள் டக், டக், டக் என்று ஒன்று விழுந்துகொண்டே வந்து, நடுவில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அமைதி.

நடந்தது இதுதான். குழாயை விட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்திருக்கிறது. என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு கையால் குழாயை அணைத்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்திருக்கிறார். இலங்கை நம்பர். பொத்தானை அழுத்தப் போகிற நேரத்தில் நான் இழுத்த இழுப்பில் குழாய் அவர் முழங்கையை இடித்து, போன் புகைக்கூட்டுக்குள் போய்விட்டது.

அவர் ஏணியில் எப்படி இறங்கினார் என்று தெரியாது. நான் கரிமுகத்தோடு படியேறி வரும்போது அவர் வாசலில் நின்றார், வாய் திறந்தபடி. அப்போதுதான் மாடியிலிருந்து சுமதி எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"என்னங்க, நம்ம பெட்ரூம் சுவத்துக்குள்ள போன் அடிக்குதுங்க."

ஓடினோம். கட்டிலுக்குத் தலைமாட்டில், நாங்கள் ஆசை ஆசையாய்ப் பூப்போட்ட காகிதம் ஒட்டிய சுவருக்குள்ளிருந்து மணி கேட்டது. சிம்னி வளைகிற இடத்தில் போன் தங்கியிருந்தது. அங்கே சிக்னலும் இருந்தது. யார் கூப்பிட்டார்களோ, அவர்கள் விடாமல் மறுபடியும் கூப்பிடுகிறார்கள். அவர் கட்டில்மேல் ஏறி, கரிக்கையைச் சுவரில் விரித்து வைத்து, காதை ஒட்டவைத்தார். பிறகு சுவரோடு பேசினார்.

"வைச்சிடாதையணை அம்மா. நான் இஞ்சைதான் நிக்கிறன். வைச்சிடாதையணை."

மணி நின்றது. முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. பிறகு கட்டிலிலிருந்து இறங்கி, என்னைப் பார்க்காமல், எப்படியும் அந்த வளைவில் குழாய் இறுகும், சுவரைத் திறக்கத்தான் வேண்டியிருக்கும் என்றார். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் காகிதத்தைப் பார்த்தேன். சுமதி கட்டிலை இழுத்துச் சுவரை விட்டு நகர்த்தினாள்.

"உடைங்கண்ணா" என்றாள்.

உளியும் சுத்தியலும் எடுத்துவந்து உடைத்தார். இரண்டு செங்கல் பெயர்ந்ததும் கையை விட்டு, குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் துழாவி எடுத்தார். ஒரு மூலை நெளிந்திருந்தது, மற்றபடி உயிரோடுதான் இருந்தது. எடுக்காத அழைப்பு இரண்டு. அவர் நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திருப்பிக் கூப்பிட விரல் போனது, திரும்பி வந்தது. சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

ஏன் இழுத்தேன் என்று அவர் கேட்டார். நான் காணோம் கதையைச் சொன்னேன். இந்த நேரத்தில் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கூசியது.

"உங்கடை ஊரிலை என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

"போதும்னு சொல்லுவோம்ணே."

"போதும்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு வேனை எடுத்துக்கொண்டு போனவர், அடுத்த சில நாட்கள் வந்து, குழாயை மேலே உருவி எடுத்து, வளைவைச் சரிசெய்து, சுவரைப் பூசினார். போன் அடிக்கும்போதெல்லாம் வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்வோம். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருக்கு ரேடியேட்டர் சூடாகவில்லை.

பூச்சு காய்ந்தபிறகு மறுபடி குழாயை இறக்கினோம். இந்தமுறை வேண்டிய இடத்தில், மேலேயிருந்து அழுத்தம் திருத்தமாக "போதும்" என்று குரல் வந்தது. எங்கள் ஊர் உச்சரிப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. மதியத்துக்குள் குழாயை அடுப்போடு இணைத்தார். மூட்டும் முன்பு சுவரில் ஒரு சின்ன அலாரத்தை மாட்டினார். புகை சரியாகப் போகாவிட்டால் மணமில்லாத ஒரு வாயு அறையில் சேரும், தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும், அப்படியே ஆள் முடிந்துவிடுவார் என்று சுமதிக்கு விளக்கினார். அலாரத்தை மட்டும் ஒருநாளும் கழற்றக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. அடுப்பு பற்றிக்கொண்டது. குச்சிகள் கிலுகிலுவென்று விழுந்து எரிந்தன. டீயை எடுத்துக்கொண்டு அவர் வாசற்படிக்குப் போனார்.

அப்போதுதான் அடித்தது. முதல் மணியில் எடுத்தார். நானும் சுமதியும் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டோம். கதவு திறந்துதான் இருந்தது. அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை என்று அம்மா கேட்டிருக்க வேண்டும்.

"புகைக்கூட்டுக்குள்ளை விழுந்திட்டுதணை" என்றார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை போல, இன்னொருமுறை சொன்னார். பிறகு ஓம் என்றார். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டீக் கோப்பையை மதில்மேல் வைத்தார். ரொம்ப நேரம் கழித்து ஒன்று கேட்டார்.

"எந்தக் கால்?"

உள்ளே வந்தபோது அவர் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்களாம், அம்மா தொட்டுப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாராம்.

"ஆள் இருக்கிறான், தம்பி. இடது கால்தான் போட்டுது."

சுமதி அழுதாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கரி பிடித்த கை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, நெருப்பு எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினார்.

வெகுநேரம் படியில் பூட்ஸ் சத்தமே கேட்கவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. கவனித்ததும் எழுந்துவிட்டேன். மணமில்லாத வாயு என்று அவர் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. இரண்டு இரண்டு படியாக இறங்கினேன். அவர் அடுப்புக்கு முன்னால், தான் பதித்த கல்மேல், பூட்ஸ் காலோடு மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் போனேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சுவரில் அலாரத்தின் பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது. அறை கதகதப்பாக இருந்தது. நான் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மேலே சாப்பாட்டு மேசையில் அவருடைய போன் அடித்தது. அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் புரண்டு கூடப் படுக்கவில்லை. கடைசியில் சுமதி எடுத்தாள். யாருக்கோ ரேடியேட்டர் சூடாகவில்லை போல.

"ஸ்வெட்டரைப் போட்டுக்கங்க" என்றாள். "அண்ணா தூங்குறாங்க."